1,100 டிகிரியில் ஐடிஓ படலத்தின் ரெசிஸ்டன்ஸ் நிலைக்கவில்லை: அனீலிங் தப்பா, பேட் தப்பா?

படலம்_புதுவை

எல்லோருக்கும் வணக்கம். காற்றில் 1,100 டிகிரி வரை தாங்கும் மேற்பரப்பு வெப்ப உணரி ஒன்றை ஐடிஓ, அதாவது இண்டியம் டின் ஆக்சைடு படலத்தில் செய்ய முயல்கிறோம். விருத்தாசலம் பக்கத்து கேஸ் சூளைகளில் பர்னர் சுவாலை நேரே வந்து அடிக்கும் கல்லின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதுதான் கடைசி நோக்கம். இப்போதைக்கு எல்லாம் மஃபிள் ஃபர்னஸில், அதாவது மூடிய மின் உலையில்தான். லேப் புதுச்சேரியில், ஈசிஆர் ஓரம்.

செய்முறை இது. சப்ஸ்ட்ரேட், அதாவது படலம் உட்காரும் தட்டு, 96 சதவீத அலுமினா, 50 x 10 மி.மீ., கனம் 0.635 மி.மீ. டார்கெட் 75 மி.மீ. விட்டம், எடையில் 90 இண்டியம் ஆக்சைடு, 10 டின் ஆக்சைடு. ஆர்எஃப் ஸ்பட்டரிங் (வெற்றிட சேம்பரில் டார்கெட்டிலிருந்து அணுக்களைத் தட்டியெடுத்துப் படலமாகப் படிய வைப்பது), 100 வாட், சுத்தமான ஆர்கான், 0.005 மில்லிபார். படலத்தின் கனம் 300 நானோமீட்டர். இரண்டு முனையிலும் 20 நானோமீட்டர் டைட்டானியம், அதன்மேல் 150 நானோமீட்டர் பிளாட்டினம் பேட், வயரை இணைக்க. 0.1 மி.மீ. பிளாட்டினம் வயர், இரண்டு வயர் முறையில் மல்டிமீட்டர்.

எடுத்தவுடன் சதுரத்துக்கு 20 ஓம் காட்டுகிறது. 1,100 போய் இறங்கினால் 300-ஐத் தாண்டுகிறது. மறுபடி ஏற்றி இறக்கினால் வேறு எண். 1,100-லேயே பிடித்து வைத்தாலும் மெல்ல மெல்ல ஏறுகிறது. பேட்கள் சாம்பல் நிறமாகித் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடுகின்றன.

அனீலிங்கை, அதாவது சூட்டில் வைத்துப் பதப்படுத்துவதை, மாற்றினால் சரியாகுமா? ஐடிஓவை விட்டுவிட்டு லாந்தனம் குரோமைட்டுக்குப் போவது நல்லதா?

நாலுமுனை

உங்கள் ஒரே எண்ணுக்குள் நாலு கோளாறு கலந்து கிடக்கிறது. தனித்தனியாகப் பிரிக்காமல் அனீலிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதலில் படலத்தின் வேதியியல். ஐடிஓவில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் இரண்டு வழியில் வருகின்றன: இண்டியத்தின் இடத்தில் உட்கார்ந்த டின், அப்புறம் ஆக்சிஜன் இல்லாத காலி இடங்கள். சுத்த ஆர்கானில் போட்ட படலத்தில் காலி இடங்கள் ஏராளம். காற்றில் சூடாக்கினால் ஆக்சிஜன் உள்ளே புகுந்து அவற்றை அடைக்கும். அதோடு நிற்காது, அதிகப்படி ஆக்சிஜன் இரண்டு டின் அணுக்களோடு கூட்டுச் சேர்ந்து அவை தரும் எலக்ட்ரானையும் முடக்கும். ஃபிராங்க், கோஸ்ட்லின் இருவரும் 1982-ல் விளக்கிய மாதிரி இதுதான். ஆகவே 20 ஓம் 300 ஆனதில் அதிசயம் இல்லை. அந்த 20-ஐ மறந்துவிடுங்கள், அது திரும்பி வராது.

ஒவ்வொரு முறையும் அறை வெப்பநிலையில் வேறு எண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர வைக்கும் வேகம். இறங்கும்போதும் ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு வெப்பநிலையில் நகர முடியாமல் உறைந்துவிடும். ஃபர்னஸ் கதவைத் திறந்து வைத்த அன்றைக்கு ஒரு இடத்தில் உறையும், மூடியே விட்ட அன்றைக்கு வேறு இடத்தில் உறையும். நிமிடத்துக்கு 3 டிகிரி என்று ஏற்றம் இறக்கம் இரண்டையும் கன்ட்ரோலரில் கட்டிப் போடுங்கள். அறை வெப்பநிலை எண்ணை வைத்துப் படலத்தை எடை போடவே வேண்டாம். 1,100-ல் பிடித்து வைத்திருக்கும்போது மணிக்கு எத்தனை சதவீதம் நகர்கிறது என்பதுதான் கணக்கு.

இரண்டாவது சப்ஸ்ட்ரேட். 96 சதவீத அலுமினாவில் மீதி நாலு சதவீதம் சிலிக்கா, கால்சியா, மெக்னீசியா. இவை துகள்களுக்கு இடையே கண்ணாடியாக நிற்கும். ஆயிரத்துக்கு மேல் அந்தக் கண்ணாடி இளகிப் படலத்தோடு பேச ஆரம்பிக்கும். மேற்பரப்பும் கரடு, மேடு பள்ளம் அரை மைக்ரான் அளவில் இருக்கும். அதன்மேல் 0.3 மைக்ரான் படலம் போட்டால் மேட்டில் மெலிந்து பள்ளத்தில் அறுந்துதான் கிடக்கும். 99.6 சதவீத, மெல்லிய படல வேலைக்கென்றே விற்கும் அலுமினா வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க முடியாது.

மூன்றாவது கனம். 2 முதல் 3 மைக்ரான் வேண்டும். மெல்லிய படலத்தில் துகள் வளர்ந்தால் இடையில் வெறும் தரை தெரியும். கனமான படலத்தில் துகள் வளர்ந்தாலும் பாதை அறுவதில்லை. உங்கள் பவரில் நிமிடத்துக்கு 10 நானோமீட்டர் வந்தால் 2.5 மைக்ரானுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஓடும். நேரம் போகிறதே என்று பவரை ஏற்றாதீர்கள். 75 மி.மீ. டார்கெட்டில் 100 வாட் என்பது சதுர செ.மீ.க்கு சுமார் 2.3 வாட். டார்கெட்டைச் செம்புத் தட்டில் ஒட்டியிருப்பது இண்டியம், அது 156.6 டிகிரியில் உருகும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் டார்கெட் கழன்று விழும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பவரை நிமிடத்துக்கு 10 வாட் என்று படிப்படியாக மாற்றுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். டார்கெட் மேல் கறுப்பு முடிச்சுகள் தெரிந்தால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

கடலோர ஊர் என்பதால் ஒன்று. குளிர்நீர் ஓட்டும் சில்லர் இயந்திரத்தை 15 டிகிரியில் வைத்துவிட்டு சேம்பரைத் திறந்தால் கேதோடு, அதாவது டார்கெட்டைத் தாங்கும் பகுதி, முழுக்க வியர்க்கும். ஏசி அறையில் 24 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றாலே 16 டிகிரிப் பக்கம் நீர் கோத்துவிடும். திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே சில்லர் இயந்திரத்தை நிறுத்துங்கள், மூடி பம்ப் போட்ட பிறகு ஓட விடுங்கள். இதைச் செய்யாமல் படலத்தில் ஆக்சிஜன் அளவு தினம் ஒரு மாதிரி வருகிறது என்று புலம்புவோர் அதிகம்.

சுத்தம்: அசிட்டோன், ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்), டிஐ தண்ணீர் (அயனி நீக்கிய தண்ணீர்), ஒவ்வொன்றிலும் அல்ட்ராசானிக்கில் 10 நிமிடம். பிறகு காற்றில் 1,000 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு எடுங்கள். அதற்குப் பின் இடுக்கிதான், விரல் படக்கூடாது. வியர்வை உப்பு 801 டிகிரியில் உருகிவிடும், சோடியம் படலத்துக்குள் போய்விடும்.

அனீலிங்: பயன்படுத்தும் வெப்பநிலைக்கு 50 முதல் 100 டிகிரி மேலே. உங்களுக்கு 1,150 முதல் 1,200, காற்றில், 10 முதல் 15 மணி நேரம். பேட்டர்ன் போடுவதென்றால் அதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். படிகமான ஐடிஓவை அமிலத்தில் அரிப்பது பெரும்பாடு. 0.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் மாஸ்க் வெட்டிக்கொண்டால் அரிக்கும் வேலையே இல்லை.

பேட் பற்றி வேறு யாராவது சொல்லுங்கள், விரல் வலிக்கிறது.

குளிர்முனை

பேட் பற்றி நான் சொல்கிறேன். டைட்டானியம்தான் குற்றவாளி. 600 டிகிரிக்கு மேல் அது பிளாட்டினத்தின் துகள் எல்லைகள் வழியாக மேலேறி ஆக்சைடாகிவிடும், அடியில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு 150 நானோமீட்டர் பிளாட்டினம் அந்த வெப்பத்தில் தட்டையாகவே இருக்காது. மேற்பரப்பு ஆற்றலைக் குறைக்கத் துளித்துளியாகத் திரண்டுகொள்ளும். நீங்கள் பார்க்கும் சாம்பல் திட்டு அதுதான். டைட்டானியத்துக்குப் பதில் டான்டலம் போட்டால் கொஞ்சம் கூடத் தாங்கும், 1,100-க்கு அதுவும் போதாது.

ஸ்பட்டர் பேட்டை விட்டுவிட்டு பிளாட்டினம் பேஸ்ட்டுக்கு வாருங்கள், சுட்ட பின் 8 முதல் 10 மைக்ரான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேஸ்ட்டை முதலில் போட்டு அதன்மேல் ஐடிஓ போட்டால், 10 மைக்ரான் படிக்கட்டை 2.5 மைக்ரான் படலம் ஏற முடியாமல் விளிம்பில் அறும். ஐடிஓ போட்டபின் மேலே போட்டால் படிக்கட்டு பிரச்சினை இல்லை. ஆனால் கண்ணாடித் தூள் கலந்த பேஸ்ட்டாக இருந்தால் அந்தக் கண்ணாடி ஐடிஓவைக் கரைக்கும். கண்ணாடி சேராத பேஸ்ட்டை மேலே போடுங்கள். அதன் பிடிப்பு கம்மி, எனவே வயரை பேட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி அலுமினா சிமென்ட்டால் சப்ஸ்ட்ரேட்டோடு கட்டிவிடுங்கள், இழுவை பேட்டுக்குப் போகாது. சில்வர் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், வெள்ளி 962-ல் உருகிவிடும்.

அடுத்தது அளக்கும் முறை. 0.1 மி.மீ. பிளாட்டினம் வயர் அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 13.5 ஓம். 960 டிகிரியில் அதைப்போல நாலு மடங்கு. இரண்டு வயர் முறையில் நீங்கள் படலத்தை அளக்கிறீர்களா, வயரை அளக்கிறீர்களா? நாலு வயர் கட்டாயம்: இரண்டில் மின்னோட்டம், மற்ற இரண்டில் மின்னழுத்தம்.

அதுவும் போதாது. ஐடிஓவுக்கும் பிளாட்டினத்துக்கும் இடையே வெப்ப மின்னழுத்தம் நிறைய. சூட்டில் டிகிரிக்கு 100 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேட்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் 1 மில்லிவோல்ட் கூடவோ குறையவோ வந்து சேரும். 100 ஓம் படலத்தில் 1 மில்லிஆம்பியர் ஓட்டினால் வருவது 100 மில்லிவோல்ட், அதில் ஒரு சதவீதம் பிழை. மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு இரண்டாவது முறை அளந்து, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். பிழை கழிந்துவிடும்.

எனக்கு இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. ரெசிஸ்டன்ஸை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? கழிக்கச் சொன்ன அந்த மின்னழுத்தத்தையே உணரியாக, அதாவது தெர்மோகப்பிளாக, வைத்துக்கொள்ளலாமே. ஒரு கால் ஐடிஓ, இன்னொரு கால் பிளாட்டினம் அல்லது வெறும் இண்டியம் ஆக்சைடு. கனம் தேய்ந்தாலும், பேட் ரெசிஸ்டன்ஸ் ஏறினாலும், ஓரத்தில் விரிசல் விட்டாலும் தெர்மோகப்பிள் மின்னழுத்தம் மாறாது. எஸ் வகை தெர்மோகப்பிள் 1,000 டிகிரியில் 9.587 மில்லிவோல்ட் தருகிறது, ஆக்சைடு ஜோடி அதைவிடப் பல மடங்கு தரும். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஆட்டோ கிரிகரியின் குழு ஐடிஓவை ஸ்ட்ரெயின் கேஜாகவும் (நீட்சியை அளக்கும் உணரி) தெர்மோகப்பிளாகவும் டர்பைன் சூட்டுக்குக் கொண்டுபோனது. இது புது யோசனை ஒன்றும் இல்லை.

நாலுமுனை

குளிர்முனை சார், தெர்மோகப்பிள் யோசனை சரிதான். ஆனால் "மாறாது" என்பதைக் கொஞ்சம் கட்டுப்படுத்திச் சொல்ல வேண்டும். கனம், விரிசல், பேட், இதெல்லாம் மாறினால் மாறாது. எலக்ட்ரான் அடர்த்தி மாறினால் மாறும். உலோகம் போல நடக்கும் ஐடிஓவில் சீபெக் குணகம், அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குப் பிறக்கும் மின்னழுத்தம், அடர்த்தியின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு எதிர்விகிதம். ஒரு கன செ.மீ.க்கு 10-இன் 21-ஆம் அடுக்கு என்றால் அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் அளவில் வரும், 10-இன் 20-ஆம் அடுக்கு என்றால் 30-க்கு மேல். அடர்த்தி 20 சதவீதம் விழுந்தால் ரெசிஸ்டன்ஸ் 25 சதவீதம் ஏறும், சீபெக் 16 சதவீதம் ஏறும். ஆக, அனீலிங்கிலிருந்து தப்பிக்க இது குறுக்கு வழி இல்லை. வேதியியலை நிலைப்படுத்திய பிறகு மீதிக் கோளாறுகளிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான்.

குளிர்முனை

ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். தெர்மோகப்பிள் மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை, சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குப் போகும் வழி நெடுகப் பிறக்கிறது. 50 மி.மீ. பட்டை முழுவதும் ஃபர்னஸ் உள்ளேயே கிடந்தால், இரண்டு முனைக்கும் உள்ள 10, 20 டிகிரி வித்தியாசத்தைத்தான் காட்டும். ஐடிஓ கால் ஃபர்னஸ் சுவரைத் தாண்டி வெளியே 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஓட வேண்டும். மஃபிள் சுவரையும் சேர்த்தால் 200 மி.மீ. பட்டை. அப்படிச் செய்தால் பேட் பிரச்சினையும் காலி, வெளியே குளிர்ச்சியில் எதை வைத்து வேண்டுமானாலும் இணைக்கலாம்.

படலம்_புதுவை

இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் 75 மி.மீ. டார்கெட்டில் 200 மி.மீ. பட்டைக்கு எப்படிப் படலம் போடுவது? சீரான பகுதி 50 மி.மீ.தான் வருகிறது.

குளிர்முனை

நகர்த்தி நகர்த்தி நாலு துண்டாகப் போட்டால் துண்டுக்குத் துண்டு அடர்த்தி மாறும், சூடு சரியும் பகுதியில் அது பிழையாக வந்து நிற்கும். அதனால் இப்போதைக்கு உங்கள் குட்டைப் பட்டையிலேயே வேறு மாதிரி செய்யுங்கள். இரண்டு முனையிலும் வெறும் பிளாட்டினம் வயருக்குப் பதில் எஸ் வகை ஜோடி, அதாவது ஒரு பிளாட்டினம், ஒரு 10 சதவீத ரோடியம் கலந்த பிளாட்டினம், சேர்த்து பேஸ்ட்டில் பதியுங்கள். நாலு வயர் ஆகிவிட்டது. ஜோடி ஒவ்வொன்றும் அந்தந்த முனையின் வெப்பநிலையைச் சொல்லும். இரண்டு பிளாட்டினத்துக்கு இடையே வரும் மின்னழுத்தத்தை வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் சீபெக் கிடைக்கும். ரோடியம் வயர் இரண்டில் மின்னோட்டம் விட்டு, பிளாட்டினம் இரண்டில் அளந்தால் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

இதில் ஒரு பெரிய லாபம். ரெசிஸ்டன்ஸ் ஏறி, சீபெக்கும் அதற்கேற்ப ஏறினால் ஆக்சிஜன் புகுந்து எலக்ட்ரான் குறைகிறது, அனீலிங் இன்னும் முடியவில்லை. ரெசிஸ்டன்ஸ் மட்டும் ஏறி சீபெக் அசையாமல் நின்றால் படலம் அறுகிறது அல்லது ஆவியாகிறது. அதற்கு அனீலிங் மருந்து ஆகாது.

ஃபர்னஸ் கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதன் கே வகை தெர்மோகப்பிள் ஆயிரத்துக்கு மேல் நகரும், சாம்பிளிலிருந்து தூரத்திலும் இருக்கும். வாசிப்பு 50 ஹெர்ட்ஸில் ஆடினால் சூட்டில் அலுமினா கொஞ்சம் கடத்த ஆரம்பித்து ஹீட்டர் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். சாம்பிளைச் சுற்றிப் பிளாட்டினம் தகடு வைத்து எர்த் செய்யுங்கள்.

சூளையடி

படலம் தம்பி, எல்லோரும் லேபைப் பற்றியே பேசுகிறார்கள், நான் சூளைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் மஃபிள் ஃபர்னஸில் ஆக்சிஜன் 21 சதவீதம். கேஸ் சூளையில் பர்னருக்கு எதிரே காற்று குறைந்து புகை கட்டும் நேரத்தில் என்ன இருக்கும்? கார்பன் மோனாக்சைடு ஒரு பங்கு, டை ஆக்சைடு பத்துப் பங்கு என்றாலே 1,200 டிகிரியில் ஆக்சிஜன் அழுத்தம் நூறு கோடியில் ஒரு பங்கு வளிமண்டலம் அளவுக்கு விழுந்துவிடும். இண்டியம் ஆக்சைடு அங்கே தாங்காது. இண்டியத்தின் தாழ்ந்த ஆக்சைடு வாயுவாகப் பறந்துவிடும். அதற்கு முன்னாலேயே ரெசிஸ்டன்ஸ் சடாரென்று இறங்கும், சூடு ஏறிவிட்டதோ என்று ஏமாந்துபோவீர்கள். படலம் அங்கே வெப்பமானி வேலையோடு ஆக்சிஜன் மீட்டர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும், இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

மேலே 1, 2 மைக்ரான் அலுமினா போட்டு மூடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஸ்பட்டரில் வரும் அலுமினா படிகமில்லாதது, 1,000 தாண்டினால் படிகமாகிச் சுருங்கி விரிசல் விடும். ஆவியாதலை மெதுவாக்கும், நிறுத்தாது. கிளேஸ் போட்ட சாமான் சுடும் சூளையென்றால் சோடியம், பொட்டாசியம், போரான் ஆவி வேறு.

லாந்தனம் குரோமைட் கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ரான்ஷியமோ கால்சியமோ கலந்தது பி வகைக் கடத்தி, சுடுதாங்குதிறன் பிரமாதம், ஹீட்டிங் எலிமென்டாகவே ஓடுகிறது. ஆனால் கேஸ் எரிந்தால் நீராவி வரும், சூடான ஈரக்காற்றில் குரோமியம் ஆக்சிஹைட்ராக்சைடு ஆவியாகப் போகும். கட்டியாக இருந்தால் பரவாயில்லை, 2 மைக்ரான் படலத்தில் அது பெரிய இழப்பு. ருத்தேனியம் ஆக்சைடும் காற்றில் ஆவியாகிவிடும். அலுமினியம் கலந்த சிங்க் ஆக்சைடு இந்தச் சூட்டுக்கு ஆளே இல்லை.

நிமிடத்துக்கு 2, 3 டிகிரி ஏறும் சூளைக்கு மெல்லிய படலம் தேவையே இல்லை. அலுமினா உறையில் எஸ் வகை போதும், பல வருஷம் ஓடும். படலத்தின் அருமை வெப்பத் தடுமாற்றம் வேகமாக இருக்கும் இடத்தில், வயரைச் செருகினால் ஓட்டமே மாறிவிடும் இடத்தில். டர்பைன் பிளேடு அப்படி. பர்னர் கல்லும் ஓரளவு அப்படித்தான், ஆனால் காற்று அதிகமாக விட்டு எரிக்கும் பர்னராக இருக்க வேண்டும். புகைவாயிலில் ஆக்சிஜன் 4, 5 சதவீதமாவது எப்போதும் நிற்கும் சூளையைத் தேர்ந்தெடுங்கள்.

படலம்_புதுவை

புரிந்தது. சூளை ஆட்களிடம் முதலில் புகைவாயில் ஆக்சிஜன் பதிவு கேட்கிறேன். 99.6 சதவீத அலுமினாவுக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஒன்று மட்டும்: மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போகும். 1,150-ல் 12 மணி நேர அனீலிங் நடுவில் போனால் அந்த சாம்பிளைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

நாலுமுனை

வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் ஃபர்னஸ் தானே மெதுவாக இறங்கும், அலுமினா உடையாது. கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் முழு வேகத்தில் ஏற்றாமல் அப்போதைய வெப்பநிலையிலிருந்து 3 டிகிரி வீதம் தொடரும்படி செட்டிங்கில் மாற்றி வையுங்கள், பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அந்த வசதி உண்டு. ஐடிஓவுக்கு அனீலிங் நேரம் கூட்டிக்கொள்ளும் கணக்குதான், விட்ட இடத்திலிருந்து மீதி மணியைக் கொடுங்கள். ஸ்பட்டரிங் நடுவில் போனால்தான் தொல்லை. பாதிப் படலத்தின்மேல் சேம்பர் ஈரம் படியும், அதன்மேல் போடும் மீதி உரியும். ஸ்பட்டருக்கும் சில்லருக்கும் யூபிஎஸ், ஃபர்னஸுக்கு ஒன்றும் வேண்டாம்.